கீற்றுக் கொட்டகையும் நம் இல்லமும்

பிழைப்பை நாடி வெளி மாநிலம் வந்த தமிழர் நால்வர் ஓரிடத்தில் கூடினால், முதலில் ஊர்ப்பெயர் கேட்பர். அடுத்து உறவுமுறை தேடுவர். மூன்றாவதாகப் பேச்சு படக்கொட்டகைக்கு வந்துவிடும். குளிரூட்டிய அரங்குகளில் எத்தனை படம் பார்த்தாலும், இளமையில் மணலில் அமர்ந்து பார்த்த படமே நெஞ்சில் நிற்பதன் காரணம் யாது? சற்றே எண்ணிப் பார்ப்போம்.

தமிழகத்தில் ஊர் ஊராகச் சென்று படம் காட்டும் வழக்கம் பேசும் படத்தினும் மூத்தது. 1905ஆம் ஆண்டில், திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரமடித்துப் படம் காட்டத் தொடங்கினார். பின்னர் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை நிறுவினார். அப்பெயர் அங்கே ஒரு சாலைக்கு இன்றும் வழங்குகிறது. 1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து, திரை தமிழ் பேசத் தொடங்கிய பின், கீற்றுக் கொட்டகைகள் சிற்றூர்தோறும் பெருகின.

1950களிலும் 60களிலும் சிறுவராயிருந்தோர்க்கு அக்கொட்டகையை வருணிக்க வேண்டுவதில்லை. அவர்தம் பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்வோம். பக்கங்கள் திறந்திருந்தமையால் பகல் வெளிச்சத்தில் படம் தெரியாது. எனவே மாலை ஒன்று, இரவு ஒன்று என இரண்டே ஆட்டம். பகலில் மாட்டுவண்டி தமுக்கடித்துக்கொண்டு வரும். பின்னால் ஓடும் சிறுவர்க்கு வண்ணத்தாள் நோட்டீசு கிடைக்கும். பொழுது சாய்ந்ததும் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு எழும். ஊருக்கு அதுவே கடிகாரம். அடுப்படியில் கைகள் விரையும். தரை, பெஞ்சு, நாற்காலி என மூவகை வகுப்பு. முன்னிருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து உயர்ந்துகொள்ளலாம். பின்னிருப்பவர் அதனினும் உயரக் குவிப்பார். பெண்டிர்க்குத் தனிப் பகுதி. ஒரே எந்திரமாதலால் சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. முறுக்கும் கடலையும் சோடாவும் வலம் வரும்.

இக்கொட்டகை வெறும் பொழுதுபோக்கு மட்டுமன்று. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை கண்ட முதல் இடம் திரையரங்கே எனப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி சுட்டியுள்ளார். இருக்கையைப் பிரித்தது கையிலிருந்த காசு, பிறப்பன்று. எல்லா ஊரிலும் இது குறைவற நிறைவேறிற்று என்று கூறோம். ஆயினும் பொதுக்கிணற்றில் நீரெடுக்கவும் பலர்க்குத் தடையிருந்த காலத்தில் இது சிறு செய்தியன்று.

பழமை என்பதற்காக அனைத்தையும் போற்றவும் வேண்டா. 1979இல் தூத்துக்குடியில் கீற்றுக் கொட்டகை ஒன்று தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். நினைவின் இனிமை அத்துயரை மறைக்கலாகாது. 1975இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. 80களில் வீடியோ பரவிற்று. கொட்டகைகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

அயல் நகரங்களிலும் நம்மவர் படக்கொட்டகையைத் தேடிச் சென்றனர். பம்பாய் மாதுங்காவிலிருந்த அரோரா திரையரங்கில் பல்லாண்டுகள் தமிழ்ப் படங்கள் ஓடின. அங்கே கூடியோர் நாடியது படத்தை மட்டுமா? பக்கத்து இருக்கையில் தமிழ் கேட்பதையும் அன்றோ!

இன்று தமிழ்ப் படம் கைப்பேசிக்கே வந்துவிட்டது. வரவேற்கத்தக்கதே. ஆனால் திரையின் அடியில் ஆங்கில வரிகள் ஓடுகின்றன. பிள்ளைகள் அவற்றைப் படித்துச் சிரிக்கின்றனர். பாட்டி வசனத்தைக் கேட்டுச் சிரிக்கிறார். இரு சிரிப்புக்கும் இடையே ஒரு நொடி இடைவெளி. அது வளர்ந்தால், ஒரே வீட்டில் இரு மொழியார் வாழ நேரும்.

ஆகவே வாசக அன்பர்க்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு படத்தையேனும் அவ்வரிகளை நீக்கிவிட்டுக் குடும்பத்தோடு காணுங்கள். பிள்ளை ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் படத்தை நிறுத்தி விளக்குங்கள். அச்சொல்லோடு உங்கள் ஊர்க் கொட்டகையின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். சுருள் மாற்றும்வரை பொறுமையோடு காத்திருந்து பழகிய நமக்கு இந்த இடைவேளை ஒரு பாரமன்று.