பழவேற்காட்டு ஓலைப்பெட்டி

பழவேற்காடு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இறால், நண்டு, பூநாரை. 1613-இல் கெல்டிரியா கோட்டை கட்டிய டச்சுக்காரர்களுக்கோ அது துணி ஏற்றுமதித் துறைமுகம். இன்று பழவேற்காட்டு ஏரிக்கரையில் பெண்கள் கையில் இருக்கும் தொழில் பனையோலை முடைதல். முஸ்லிம் குடும்பங்களில் அம்மாவிடமிருந்தும் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்தும் கற்றுவந்த வேலை இது. பல பெண்கள் கூடி உட்கார்ந்து முடையும் இடமே பள்ளிக்கூடம்.

விரிந்து பச்சையாகிவிட்ட ஓலை முரடு, நுண்ணிய வேலைக்கு ஆகாது. விரியாத குருத்தைத்தான் வெட்டுவார்கள். இதழ் இதழாகப் பிரித்து, நடுவிலுள்ள ஈர்க்கை நீக்கி வெயிலில் காயவைத்தால் வெளிர்மஞ்சளாக வரும். வண்ணம் வேண்டுமானால் சாயம் கலந்த கொதிநீரில் போட்டு எடுப்பார்கள். பிறகு ஒரே அகலத்தில் நறுக்குகள். காய்ந்த ஓலை மடிக்கும்போது வெடிக்கும் என்பதால் தண்ணீர் தெளித்துக்கொண்டே முடைய வேண்டும்.

பெட்டியின் சூட்சுமம் அடிப்பாகத்தில் இருக்கிறது. இருபுறமும் சம எண்ணிக்கையில் நறுக்குகளை அடுக்கி, ஒன்று மேல் ஒன்று கீழாகப் பின்னுவார்கள். மூலை வந்ததும் அதே நறுக்குகள் மேலே திரும்பிச் சாய்வாகப் பின்னிச் சுவராகும். சுவரில் தெரியும் வண்ணக் கட்டம், அடியில் எந்த நறுக்கு எத்தனையாவதாக வைக்கப்பட்டது என்பதிலேயே தீர்மானமாகிவிடுகிறது. எண்ணிக்கை ஒன்று பிசகினால் அது பெட்டியின் விளிம்புவரை தொடரும். பிரித்துத்தான் ஆக வேண்டும். எத்தனை அழகான கணக்கு! அதைத் தாளில் எழுதிவைப்பாரில்லை. பக்கத்தில் இருப்பவரின் விரலைப் பார்த்துத்தான் கற்க முடியும்.

பாலஸ்தீனப் பெண்களின் தத்ரீஸ் பூத்தையலும் இப்படி எண்ணித் தைப்பதே. துணியின் இழைகளை எண்ணிக் குறுக்குத் தையல் போடுவார்கள். உடுப்பிலுள்ள பூவேலையை வைத்தே ஊரைச் சொல்லிவிடலாம் என்ற காலம் இருந்தது. அகதிகளாகச் சிதறிய பிறகும் கூடித் தைத்தே அதைக் காத்தார்கள். யுனெஸ்கோ 2021-இல் தத்ரீஸைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. செட்டிநாட்டில் மறைந்துகொண்டிருந்த கொட்டான் என்னும் ஓலைக்கூடையை விசாலாட்சி ராமசாமி பெண்களுக்குப் பயிற்சி தந்து மீட்டார். கற்றுக்கொடுக்கும் கையும் வாங்கும் கையும் இருந்தால் கைவேலை சாவதில்லை என்பதற்கு இவை போதும்.

ஆனால் ஓலைக்கு மூன்றாவதாக ஒன்றும் வேண்டும்: மரம். பனை மாதத்துக்குச் சுமார் ஒரு குருத்துதான் விடும். எல்லாவற்றையும் வெட்டினால் மரம் நலியும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் அறிவித்தது நல்ல செய்தி. பழவேற்காட்டுக்குப் போனால் ஒரு பெட்டி வாங்குங்கள், பேரம் பேசாமல். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும்போது உங்கள் ஊர் ஏரிக்கரையில் நாலு கொட்டைகளை ஊன்றுங்கள்.