எரிமலைக்கு அருகே மனை வாங்கலாமா?

பசிபிக் மாக்கடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவில் வீட்டுமனை வாங்கப் போகிறவர், பத்திரம், பாதை, குடிநீர் ஆகியவற்றை விசாரித்த பிறகு இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். "இந்த மனை எந்த எண் வட்டாரத்தில் இருக்கிறது?" என்பதே அது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை அத்தீவு முழுவதையும் ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்ட வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. லாவா எனப்படும் எரிமலைக் குழம்பு பாயும் அபாயம் முதல் வட்டாரத்தில் மிக அதிகம். ஒன்பதாவதில் மிகக் குறைவு.

எரிமலையிலிருந்து மனை எவ்வளவு தொலைவு என்று கேட்டால் போதாதா? போதாது. அது நம்மை ஏமாற்றிவிடக்கூடிய கேள்வியும்கூட. இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். கிலாவேயா எரிமலையின் உச்சியில் உள்ள பெரும் பள்ளத்திற்குச் சில கிலோமீட்டர் தொலைவிலேயே ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயரே 'வால்கனோ', அதாவது 'எரிமலை'. அது மூன்றாம் வட்டாரம். உச்சியிலிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, பசுமையான காட்டின் நடுவே லெய்லானி எஸ்டேட்ஸ் என்னும் குடியிருப்பு உள்ளது. அது முதல் வட்டாரம்!

இந்த முரண்பாட்டிற்குக் காரணம் மலையின் உள்ளமைப்பு. ஏரி நிறைந்தால் நீர் எப்போதும் கரைக்கு மேலேறித்தான் வழியும் என்பதில்லை. கரையில் பலவீனமான இடம் இருந்தால் அங்கே உடைத்துக்கொண்டு வரும். கிலாவேயாவின் கதையும் இதுவே. உச்சிக்கு அடியில் தேங்கி நிற்கும் பாறைக் குழம்பு எப்போதும் மேலே வருவதில்லை. மலையின் தென்புறச் சரிவு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் கடலை நோக்கி நகர்ந்து வருகிறது. அதனால் மலையின் இருபுறமும் நீண்ட பிளவு மண்டலங்கள் இருக்கின்றன. குழம்பு பக்கவாட்டில் இவற்றினுள் புகுந்து, நிலத்தடியிலேயே வெகுதூரம் ஓடி, நினையாத இடத்தில் தரையைப் பிளந்துகொண்டு வெளிவரும். கிழக்குப் பிளவு மண்டலம் நிலத்தில் மட்டும் சுமார் 50 கிலோமீட்டர் நீளம். பிறகு கடலுக்கடியிலும் தொடர்கிறது. லெய்லானி அதன் மேலேயே அமைந்திருக்கிறது.

2018-இல் நடந்ததைப் பார்ப்போம். கிழக்குப் பிளவில் 1983 முதல் 35 ஆண்டுகளாகக் குழம்பு கக்கிவந்த பூஉ ஓஓ என்னும் வாயின் தரை, ஏப்ரல் 30 அன்று உள்ளே சரிந்தது. உடனே சிறு நிலநடுக்கங்கள் கிழக்கு நோக்கி நகர்ந்தன. நிலத்தடியில் குழம்பு பயணம் செய்கிறது என்பதை நிபுணர்கள் புரிந்துகொண்டார்கள். லெய்லானியின் தார்ச் சாலைகளில் வெடிப்புகள் தோன்றின. மே 3 அன்று வீடுகளுக்கு நடுவே தரை பிளந்து நெருப்புக் குழம்பு பீறிட்டது. மொத்தம் 24 பிளவுகள்! அவற்றுள் எட்டாவது பிளவிலிருந்து ஓர் ஆறே புறப்பட்டுக் கடலை அடைந்து, கபோஹோ விரிகுடாவையே தூர்த்துவிட்டது. ஆகஸ்டு தொடக்கத்தில் அது அடங்குவதற்குள் சுமார் 35 சதுர கிலோமீட்டர் நிலம் மூடப்பட்டது. 700-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. குழம்பில் சிக்கி ஒருவரும் இறக்கவில்லை என்பது ஓர் ஆறுதல். உச்சியருகே இருந்த வால்கனோ ஊர் ஓயாத நிலநடுக்கங்களால் அவதிப்பட்டது. ஆனால் குழம்பு அங்கே வரவில்லை.

அப்படியானால் அங்கே ஏன் குடியேறினார்கள்? மனை விலை மலிவு. அழகான இடம், இதமான வெப்பநிலை. தவிர, லெய்லானி மனைகள் 1960-களிலேயே விற்பனைக்கு வந்துவிட்டன. அபாய வட்டாரங்களின் முதல் வரைபடம் வெளிவந்ததோ 1974-இல்! ஆனால் 1955-இலும் 1960-இலும் அப்பகுதியில் பாய்ந்த குழம்பு கறுத்த பாறையாகக் கண்ணெதிரே கிடந்தது. வரைபடம் இல்லாவிட்டாலும் அதைப் பார்த்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அபாயத்தைக் கணக்கிட்டும் பார்க்கலாம். 1992-இல் திருத்திய வரைபடத்தின்படி, 1800-க்குப் பின் முதல் வட்டாரத்தில் காற்பங்குக்கு மேற்பட்ட நிலத்தைக் குழம்பு மூடியிருக்கிறது. 192 ஆண்டுகளில் நூற்றுக்கு 25 என்றால், 30 ஆண்டு வீட்டுக் கடன் அடையும் காலத்தில் சராசரியாக நூற்றுக்கு நான்கு. சிறிய எண்ணாகத்தான் தெரிகிறது. ஆனால் எரிமலை சராசரிப்படி நடப்பதில்லை. கிழக்குப் பிளவின் கீழ்ப்பகுதியில் 1840-க்குப் பிறகு 115 ஆண்டுகள் நிலத்தின்மேல் குழம்பு வரவில்லை. வந்தபோது ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டு முறை வந்தது. 'என் பாட்டனார் காலத்திலிருந்து ஒன்றும் நடக்கவில்லை' என்னும் பேச்சுக்கு இங்கே மதிப்பில்லை.

தரையின் சரிவும் முக்கியம். கிலாவேயாவின் குழம்பு பெரும்பாலும் மனிதன் நடக்கும் வேகத்தைத் தாண்டுவதில்லை. மூட்டை கட்ட அவகாசம் கிடைக்கும். பக்கத்திலுள்ள மௌனா லோவாவின் மேற்குச் சரிவு செங்குத்தானது. 1950-இல் அங்கே புறப்பட்ட குழம்பு நான்கு மணி நேரத்திற்குள் கடலைத் தொட்டுவிட்டது. சுவர் எழுப்பித் தடுக்கலாமே என்பார்கள். 1960-இல் கபோஹோ கிராமத்தைக் காக்க மண்சுவர்கள் எழுப்பினார்கள், கிராமம் தப்பவில்லை. சுமார் 1,150 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள கற்குழம்பு சுவரின் பின்னே தேங்கி உயர்ந்துகொண்டே வந்தால் மண் என்ன செய்யும்?

குழம்பு எட்டாத மனைக்கும் தொல்லை உண்டு. லெய்லானி அடங்கிய பூனா மாவட்டத்தில் (நம் மராட்டியப் பூனா அன்று) பல வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்த்துத்தான் குடிக்கிறார்கள். எரிமலை வெளிவிடும் கந்தக டை ஆக்சைடு மழைநீரை அமிலமாக்குகிறது. அந்த அமிலம் கூரை ஆணிகளிலும் பற்றவைத்த இணைப்புகளிலும் வண்ணப் பூச்சிலும் உள்ள ஈயத்தைக் கரைத்துத் தொட்டிக்குக் கொண்டுவரும். ஆகவே ஈயம் கலவாத கூரைப் பொருள்களையே பயன்படுத்த வேண்டும். எரிமலைப் புகை மிகும் நாள்களில் தொட்டிக்குப் போகும் குழாயைக் கழற்றிவிட வேண்டும். காப்பீட்டையும் மனை வாங்குமுன் விசாரிப்பது நலம். முதல் இரு வட்டாரங்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் தயங்கியதால், 1991-இல் அரசு சட்டமியற்றித் தனிச் சங்கம் ஒன்றை அமைக்க நேர்ந்தது.

கடலோர மனைக்காரர்களுக்கு ஒரு சட்டச் சிக்கலும் இருக்கிறது. 1955-இல் பாய்ந்த குழம்பு பூனாக் கரையில் கடலைத் தூர்த்துப் புதுநிலம் உண்டாக்கியது. கரையோர மனையை வாங்கியவர்கள் அதுவும் தங்களுடையதே என்றார்கள். வழக்கு நெடுநாள் நடந்தது. எரிமலை உண்டாக்கும் புதுநிலம் அரசுக்கே சொந்தம் என்று 1977-இல் ஹவாய் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.