பழவேற்காட்டுப் 'பாடு'

வங்கக் கடலுக்கும் பழவேற்காட்டுக் காயலுக்கும் இடையே நீண்டு கிடப்பது ஒரு மணல்திட்டு. அதன் கீழ்பால் அலையெறியும் கடல். மேல்பால் அலையடங்கிய ஆழமற்ற உவர்நீர். டச்சுக்காரர் 1613இல் கோட்டை அமைத்த பழவேற்காட்டு ஊரைக் கண்டபின் இத்திட்டின் குப்பங்களுக்கும் கடற்கரைக்கும் செல்லும் தமிழ் மாணவர், ஆண்டு வழங்கும் 'பாடு' என்னும் சொல்லையும் கருதுதல் வேண்டும் என்பது எம் கருத்து.

காயலில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே. தலைக்கட்டுக் கணக்கில் இடம்பெற்ற குடும்பத்தார் அவ்விடங்களில் முறைவைத்து வலையிடுவர். அம்முறையே பாடு எனப்படும். கணக்கிற் சேராதார்க்கு அவ்வுரிமை இல்லை. அதுபற்றிப் பூசல் எழுந்ததும் உண்டு.

பாடு என்பதற்கு இடம், உழைப்பு, துன்பம் என்னும் பொருள்களும் உள. வலையிடும் இடத்தையும் அதற்குரிய முறையையும் ஒருங்கே சுட்டும் இவ்வழக்கில் அவை யாவும் பொருந்தி நிற்றலைக் காண்கின்றோம்.

இறால் கடலில் தோன்றி, இளம்பருவத்தில் முகத்துவாரத்தின் வழியே காயலுட் புகுந்து வளர்ந்து, மீண்டும் கடல் சேர்வது. அலைகள் கொணரும் மணலால் முகத்துவாரம் தூருமாயின் இறால் வரத்துக் குன்றும். முறை இருந்தும் பகிர்தற்குப் பொருள் இராது. அந்நிலை நீடிப்பின், பாடு என்னும் சொல்லுக்கு இப்பொருள் அகராதியில் மட்டுமே எஞ்சும்.