வாசலில் பிறந்த ஆராய்ச்சி

விடியற்காலையில் நம் வீட்டுப் பெண்கள் புள்ளி வைத்துக் கோலமிடுகிறார்கள். அதில் கணிப்பொறி ஆராய்ச்சிக்கு இடமுண்டா? உண்டு என்று காட்டினார்கள் மூவர்.

தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, அவர் மனைவி பேராசிரியை ராணி சிரோமணி, பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி. கணிப்பொறித் துறையில் பேராசிரியையான கமலா கிருத்திவாசன் ஆகியோரே அவர்கள். 1974-இல் இவர்கள் வெளியிட்ட கட்டுரை கோலத்துக்கு இலக்கணம் வகுத்தது.

எழுத்துக்கள் வரிசையாகச் சேர்ந்து சொல்லாவதற்கு விதி உண்டல்லவா? அதுபோல, மேலும் கீழும், இடமும் வலமும் வடிவங்கள் சேர்ந்து கோலமாவதற்கு விதி கண்டார்கள். சிறு கோலம் பெரிய கோலமாக வளரும் முறை, கணிப்பொறிக்குப் புரியும் பாஷையாயிற்று.

இன்று பல வாசல்களில் ஸ்டிக்கர் கோலம் வந்துவிட்டது. அழகுதான், ஆனால் அதிலிருந்து அடுத்த கோலம் பிறக்காது. இலக்கணம், கோலமிடும் கையில் அல்லவா இருக்கிறது!