அடைப்பில்லாத நெஞ்சுவலி

மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கும், உட்கார்ந்தால் விட்டுவிடும். இதய வலி என்றதும் நமக்கு நினைவு வருவது இதுதான். இதற்கு நேர்மாறான ஒரு வலியும் உண்டு. பகலெல்லாம் மூட்டை தூக்கினாலும் எட்டிப் பார்க்காது. அயர்ந்து தூங்குபவரை விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு எழுப்பிவிடும். நெஞ்சின் நடுவே பாறாங்கல்லை ஏற்றிவைத்த மாதிரி இறுக்கம், தாடைக்கும் கைக்கும் பரவும் வலி, குப்பென்று வியர்வை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாகவே அடங்கும். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் வலி போய்விட்டிருக்கும். இசிஜி நார்மல். "கேஸ் டிரபிள்" என்று ஒரு மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். பெண்ணாக இருந்துவிட்டால் "டென்ஷன்" என்ற பட்டமும் சேர்ந்துகொள்ளும்.

1959-இல் லாஸ் ஏஞ்சலிஸ் இதய மருத்துவர் மைரன் பிரின்ஸ்மெட்டல் இதைத் தனி வகையாக எடுத்து எழுதினார். 'பிரின்ஸ்மெட்டல் ஆஞ்சைனா' என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது. இப்போது 'வேசோஸ்பாஸ்டிக் ஆஞ்சைனா' என்பார்கள்.

பிடித்து விடும் குழாய்

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்களின் சுவரில் தசை இருக்கிறது. சிலருக்கு அது திடீரென்று இறுகிக் குழாயைச் சுருக்கிவிடும். அந்தச் சில நிமிடங்கள் இதயத் தசைக்கு ரத்தம் போதாது. பிடிப்பு விட்டதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். கொழுப்பு படிந்த குழாயிலும் இது வரும், சுத்தமான குழாயிலும் வரும்.

பிடிப்பு விட்டுவிடுவதால்தான் பகலில் நிதானமாக ஆஞ்சியோ செய்து பார்த்தால் குழாய் திறந்தே இருக்கிறது. 'பிளாக் இல்லை' என்பது நல்ல செய்திதான். ஆனால் அதை வைத்து வலியே பொய் என்று தீர்ப்பு எழுதுவது அநியாயம். பிடிப்பு நீடித்தால் மாரடைப்பு வரலாம். துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

வலிக்கும்போதே பிடிக்க வேண்டும்

வலி இருக்கும்போது எடுத்த இசிஜி ஒன்று கிடைத்தால் பாதி வழக்கு முடிந்தது. கிடைக்காதபோது 24 மணி நேரமோ அதற்கு மேலோ ஹோல்டர் கருவியை உடம்பில் மாட்டி இசிஜியைப் பதிவு செய்வார்கள். சந்தேகம் தீராவிட்டால் ஆஞ்சியோவின்போதே அசிடைல்கோலின் மருந்தைக் குழாய்க்குள் செலுத்தி, பிடிப்பு வருகிறதா என்று பார்ப்பதுண்டு. இந்த நோய் அதிகம் காணப்படும் ஜப்பானில் இந்தச் சோதனை வெகுவாகப் பழக்கத்தில் இருக்கிறது. எல்லா ஊரிலும் செய்யமாட்டார்கள். அதனால் நோயாளி சொல்லும் விவரத்துக்கு மதிப்பு அதிகம். எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, முந்தைய இரவு குடித்தாரா, புகைத்தாரா, என்ன மாத்திரை போட்டார் என்று எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்குப் பெரிய உதவி.

"எனக்கு பிபியே இல்லையே!"

டில்டியாசெம், அம்லோடிபின், நிஃபெடிபின் போன்ற கால்சியம் சேனல் பிளாக்கர்கள்தான் இதற்கு முதல் மருந்து. மருந்துக்கடையில் இவற்றை பிபி மாத்திரை என்றே சொல்லிக் கொடுப்பார்கள். தனக்கு பிபி இல்லையே என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இங்கே அந்த மாத்திரையின் வேலை வேறு: குழாயின் தசையை இறுகவிடாமல் வைத்திருப்பது. வலி விடியலில் வருவதால், படுக்கப்போகும் முன் ஒரு வேளை வருமாறு டாக்டர்கள் எழுதுவதுண்டு. இந்த மாத்திரையால் கால் வீங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக விட்டுவிடாதீர்கள்.

வலி வரும்போது குழாயைத் தளர்த்தும் சார்பிட்ரேட் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அது பீரோவில் அல்ல, தலைமாட்டில் இருக்க வேண்டும். வலி வந்தால் உட்கார்ந்துகொண்டு நாக்கின் அடியில் வையுங்கள். நின்றுகொண்டு போட்டால் பிபி இறங்கி மயங்கி விழலாம். ஐந்து நிமிடத்தில் வலி குறையாவிட்டால் 108-ஐ அழையுங்கள். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரை போடுகிறவர்கள் கூச்சப்படாமல் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் பிபி ஆபத்தான அளவுக்கு இறங்கும். நோய் இன்னதென்று உறுதியாகாதவர்களுக்கு இந்த ஐந்து நிமிடக் கணக்கே கிடையாது. நெஞ்சுவலி என்றால் உடனே ஆஸ்பத்திரிதான்.

எது கிளப்பிவிடுகிறது?

முதல் எதிரி சிகரெட்டும் பீடியும். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம். இதை விடாமல் மாத்திரை மட்டும் விழுங்குவதில் அர்த்தமில்லை. மது, தூக்கமின்மை, மன உளைச்சல் எல்லாம் அடுத்த வரிசை. குளிரும் தூண்டும். மார்கழியில், அதுவும் மாலை போட்ட நாட்களில், விடியுமுன் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வது இந்த நோயாளிகளுக்கு நேரமும் குளிரும் ஒன்றாகச் சேரும் இடம். வெந்நீரில் குளித்தால் ஐயப்பன் கோபித்துக்கொள்ளமாட்டார். வேகவேகமாக மூச்சு இழுத்து விடுவதும் பிடிப்பை வரவழைக்கும் என்பதால், கபாலபாதி செய்கிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடர்வது நல்லது.

மற்ற டாக்டர்களிடமும் சொல்லுங்கள்

கை நடுக்கத்துக்கும் படபடப்புக்கும் தரும் புரோப்ரனலால், ஒற்றைத் தலைவலிக்கான சுமட்ரிப்டான், எர்காட் வகை மருந்துகள், மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரின் ஆகியவை பிடிப்பைக் கிளப்பக்கூடும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் மெதர்ஜின் ஊசியும் எர்காட் குடும்பம்தான். பல் டாக்டர், மயக்க மருந்து டாக்டர், மகப்பேறு டாக்டர் யாரிடம் போனாலும் நோயின் பெயரை எழுதிய சீட்டைக் காட்டுங்கள்.

மருந்தில் வலி அடங்கி மாதக்கணக்கில் நிம்மதியாக இருப்பவர்கள் பலர். அந்தச் சமயத்தில்தான் மாத்திரையை விட்டுவிடத் தோன்றும். திடீரென்று நிறுத்தினால் பிடிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். குறைக்கலாமா என்பதை இதய டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், அதுவும் படிப்படியாக.