பதிவேட்டில் ஊர்ப்பெயர்

நோய்ப் பதிவேட்டை எண்களின் தொகுப்பாகவே பலரும் கருதுவர். மொழியியல் பயின்ற நாம் அதனை முதலில் ஒரு சொற்றொகுதியாகக் காண்கிறோம். பெயர், ஊர், நோய் என்னும் கட்டங்களில் யாரோ ஒரு கிராணி எழுதிவைத்த சொற்களே பின்னர் எண்ணப்படுகின்றன.

ஊர் என்னும் கட்டத்தின் பயனை நம் சிலாங்கூரிலேயே காணலாம். 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மல்கம் வாட்சன், நகரிலும் அவ்வாண்டு திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் சதுப்புநீரை வடிக்கச் செய்தார். பின்னர், மருத்துவமனையில் சேர்ந்த மலேரியா நோயாளிகளை அவர்தம் வாழிடப்படி பிரித்தார். காய்ச்சல் கண்டோர் அனைவரும் மருத்துவமனைக்கு வருவதில்லை. வந்து படுத்தோரின் கணக்கு நோயின் கடுமைக்கு ஓரளவு அளவுகோல் ஆகும்.

மாவட்டம் முழுமைக்கும் 1901இல் 719 பேர். 1905இல் 376 பேர். ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, அவ்வளவே. ஊர்வாரியாக நோக்கின் செய்தி வேறாகிறது. வடிகால் வெட்டிய கிள்ளானில் 334 என்பது 12 ஆயிற்று. துறைமுகத்தில் 188 என்பது 11 ஆயிற்று. வடிகால் வெட்டாத ஏனைய பகுதிகளிலோ 197 என்பது 353 ஆக உயர்ந்தது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகி ஆள்களும் பெருகிய காலம் அது. ஆதலின், குடித்தொகை தெரியாமல் இவ்வுயர்வை மட்டும் கொண்டு நோய் வீரியமுற்றது என்றல் பொருந்தாது. மாணவர் பெரும்பாலும் இடறுமிடம் இதுவே.

‘சிலாங்கூர்’ என்று மட்டும் எழுதியிருந்தாலும் போதாது. கோலசிலாங்கூர் போன்ற கடலோரச் சமவெளியில் நோய் பரப்பும் கொசுவினம் நிழல்படிந்த சதுப்பில் வளர்வது. காட்டை அழித்து நீரை வடித்தால் அது குறையும். ரவாங் போன்ற அடிவாரப் பகுதியிலோ காடழித்தபின் வெயில்படும் ஓடைகளில் வேறோர் இனம் பெருகும். ஒரே செயல் ஓரிடத்தில் காப்பு, மற்றோரிடத்தில் கேடு. இரண்டையும் ஒரே பெயரின்கீழ்க் கூட்டினால் இடர்க்காரணி கண்ணுக்கே புலப்படாது.

நோய் என்னும் கட்டம் இன்னும் வறியது. குளிர்காய்ச்சல், முறைக்காய்ச்சல், விடக்காய்ச்சல் என நம்மவர் நுட்பமாகப் பகுத்துப் பேசினர். மருத்துவர் சான்றின்றிப் பதிவான இறப்புகளிலோ ‘காய்ச்சல்’ என்ற ஒற்றைச் சொல் இவையனைத்தையும் விழுங்கியது.

பெயரைப் பற்றிச் சொல்லவே வேண்டா. லட்சுமி, லெட்சுமி, லச்சுமி என ஒருத்தியே மூவராவாள். தந்தை பெயரும் அவ்வாறே சிதையும். இரு பதிவேடுகளைப் பெயரால் மட்டும் இணைக்க முயல்வோர் இங்குத் திணறுவர். டென்மார்க் 1968 முதல் ஆளுக்கோர் எண் வழங்கி இச்சிக்கலைத் தீர்த்தது. மலேசியாவிலும் 2021இல் சுகாதார அமைச்சின் ஆய்வாளர்கள் கோவிட் தடுப்பூசிப் பதிவுகளைத் தொற்று, தீவிர சிகிச்சை, இறப்புப் பதிவுகளோடு இணைத்து, ஊசி பெற்றோரிடம் கடும் நோய் எவ்வளவு குறைந்தது என அளந்தனர். இத்தகைய இணைப்புக்கு அடையாள எண்ணே அச்சாணி.

அந்த எண் இல்லாதோரும் உளர். பிறப்புப் பதிவும் அடையாள அட்டையுமின்றித் தோட்டப்புறக் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் சிலர் இன்றும் வாழ்கின்றனர். சான்றில்லாமையால் நிலையான வேலையும் மருத்துவ வசதியும் இவர்களுக்கு எளிதில் கிட்டுவதில்லை. கடுந்தொற்றுக்கு மிகுதியும் ஆட்படக்கூடிய இவர்களே கணக்கில் விடுபடுவதால், வறுமையால் வரும் இடர் உள்ளதினும் குறைவாகவே பதிவேட்டில் தோன்றும்.