வெளிநாட்டு மருத்துவமனை அனுபவம்: சட்டம் எதைக் கணக்கில் கொள்கிறது?

பட்டாசு ஆலைக் கூலியில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் விருதுநகர் மாவட்டத் தலித் குடும்பங்கள், வெளிநாட்டு மருத்துவக் கல்வி முகவரிடம் முன்பணம் கொடுக்கும் முன் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேர்க்கையின்போது மருத்துவமனை அனுபவத்துக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. அது எந்த நாட்டில் பெற்றதாயினும் சரி. நீட் தரவரிசையும் இடஒதுக்கீடுமே இடத்தைத் தீர்மானிக்கின்றன.

அமெரிக்காவில் நிலை வேறு. அங்குள்ள மருத்துவக் கல்லூரிகள் விண்ணப்பதாரரின் மருத்துவமனை அனுபவத்தையும் பார்க்கின்றன. அதைத் தேடி வசதியுள்ள மாணவர்கள் கட்டணம் செலுத்தி ஏழை நாடுகளின் மருத்துவமனைகளுக்குச் செல்கிறார்கள். பயிற்சியற்றவர்கள் அங்கு நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கக் கூடாது என அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே வழிகாட்டுதல் வெளியிட நேர்ந்தது. ஒருவரின் விண்ணப்பத்துக்கு இன்னொரு ஏழையின் உடல் பயிற்சிக்களமாகிறது. வெடிவிபத்துக்குப் பின் தீக்காயப் பிரிவின் வாசலில் காத்திருந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

நம் மாணவர்களிடம் முகவர்கள் முன்வைப்பது வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். படிப்பையே. அதற்கும் நீட் தேர்ச்சி கட்டாயம். 2021 நவம்பர் 18 முதல் நடைமுறையில் உள்ள தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகள், ஆங்கிலவழியில் குறைந்தது 54 மாதப் படிப்பையும், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி மருத்துவர் பணியையும் கோருகின்றன. அந்நாட்டிலேயே மருத்துவராகப் பணியாற்றும் உரிமம் பெறத்தக்க பட்டமாக அது இருக்க வேண்டும். பயிற்சியின் ஒரு பகுதியை இந்தியாவிலோ வேறு நாட்டிலோ முடிக்க இயலாது. திரும்பியபின் தகுதித் தேர்வில் 300க்கு 150 மதிப்பெண் பெற்று, இங்கே மீண்டும் 12 மாதப் பயிற்சியை முடிக்க வேண்டும். போரினால் 2022இல் உக்ரைனிலிருந்து திரும்பி, இறுதியாண்டை இணையவழியில் முடித்தவர்களுக்கு இது இரண்டு ஆண்டுகளாக்கப்பட்டது.

இந்த நெடிய பாதைக்கு அரசின் முக்கிய உதவித்தொகைகள் நீளவில்லை. பட்டியல் சாதியினருக்கான ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை முதுநிலை, முனைவர் படிப்புகளுக்கு மட்டுமே உரியது, எம்.பி.பி.எஸ். அதில் அடங்காது. ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உள்நாட்டுப் படிப்புக்கானது. வெளிநாடு செல்பவரின் குடும்பமே முழுக் கடனையும் சுமக்கிறது. மாணவர் இடையில் நின்றாலும் கடன் நிற்பதில்லை.

ஆகவே உள்ளூர் உரிமைகளை முதலில் முழுமையாகப் பயன்படுத்த வேண்டும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இடங்கள் உண்டு. அதனுள் 3 விழுக்காடு அருந்ததியருக்கானது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020ஆம் ஆண்டுச் சட்டம் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு வழங்குகிறது. அவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

அதற்குப் பின்னும் வெளிநாடுதான் வழி என்றால், மேற்கண்ட நிபந்தனைகள் ஒவ்வொன்றும் நிறைவேறும் என்பதை முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். பணத்துக்கு ரசீது பெறுங்கள். ஏமாற்றப்பட்டால் காவல்துறையையும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுக அந்தத் தாள்களே சான்று. தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் இளநிலை மருத்துவத்தையும் சேர்க்க வேண்டும் என்பதை மாணவர் இயக்கங்கள் கோரிக்கையாக முன்னெடுக்க வேண்டும். பட்டாசுத் தொழிலாளியின் மகள் மருத்துவராவது அவள் குடும்பத்தின் கடன் வாங்கும் திறனைப் பொறுத்ததாக இருக்கலாகாது.